ஒலியைக் கண்டவர்

நுழையும்முன்

தாம்பரத்துக் கடைவீதியில் அமைந்துள்ள ஒரு ஸ்கேன் மையத்தில், கருவிலிருக்கும் தன் குழந்தையின் இதயத்துடிப்பைத் தாய் திரையில் காண்கிறாள். அங்கிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் அருகே, கடலின் ஆழத்திலிருந்து பெற்ற ஒலிக்குறிகளை அறிவியலாளர்கள் ஆராய்கின்றனர். ஓரிடத்தில் உடலின் இருள். மற்றோரிடத்தில் கடலின் இருள். இரண்டிலும் கண்ணால் செய்யவியலாத பணியை ஒலி செய்து முடிக்கிறது. ஒலி கேட்டு மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. அது பொருள்களின் உள்ளமைப்பைக் கூறும் தூதும் ஆகும். இவ்வுண்மையைத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் பின்தொடர்ந்த தமிழ்நாட்டு அறிவியலாளர் ஒருவர் உண்டு. ஒளியியல் மேதை என்றே உலகம் அறிந்த சர் சி. வி. இராமனின் ஒலியாய்வு வாழ்வை இப்பாடம் விளக்குகிறது.

இளமையும் கல்வியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சந்திரசேகர வெங்கட இராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். இசையில் ஈடுபாடு மிக்கவர். அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் பணி கிடைத்ததால் இராமனின் இளமைக் கல்வி அந்நகரில் அமைந்தது. பதினொரு வயதிலேயே அவர் பள்ளியிறுதித் தேர்வில் வெற்றி பெற்றார்.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904ஆம் ஆண்டு இளங்கலைத் தேர்வில் முதலிடமும் இயற்பியலுக்கான தங்கப் பதக்கமும் பெற்றார். 1907ஆம் ஆண்டு முதுகலைப் பட்டமும் பெற்றார். இதற்கிடையில், 1906ஆம் ஆண்டு, தம் பதினெட்டாம் வயதில், இங்கிலாந்திலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற அறிவியல் இதழொன்றில் அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை வெளியாயிற்று. வழிகாட்டுவோர் எவருமின்றி, கல்லூரி ஆய்வகத்தின் எளிய கருவிகளைக் கொண்டே அவ்வாய்வை அவர் நிகழ்த்தினார்.

அவருடைய சிந்தனையை உருவாக்கிய நூல்கள் மூன்று. எட்வின் ஆர்னால்டு புத்தரின் வாழ்வைப் பாடிய நூல் ஒன்று. யூக்ளிடின் வடிவியல் நூல் மற்றொன்று. செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலியின் இயல்பை ஆராய்ந்து எழுதிய நூல் மூன்றாவது. இசையை இயற்பியலின் கண்கொண்டு நோக்கலாம் என்னும் எண்ணத்தை இம்மூன்றாம் நூலே இளைஞர் இராமனின் உள்ளத்தில் விதைத்தது. வீணை வாசிப்பதில் வல்லவரான உலோகசுந்தரி அம்மாளை 1907ஆம் ஆண்டு அவர் மணந்தார்.

அலுவலரும் ஆய்வாளரும்

அக்காலத்தில் இந்திய இளைஞர் ஒருவர் அறிவியல் ஆய்வையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வதற்கு வழி ஏதும் இருக்கவில்லை. ஆகவே இராமன் நிதித்துறைத் தேர்வை எழுதி, அதில் முதலிடம் பெற்று, 1907ஆம் ஆண்டு கல்கத்தாவில் துணைத் தலைமைக் கணக்கராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிறையவில்லை.

நிறைந்த ஊதியமும் உயர்ந்த மதிப்பும் உடைய அப்பதவியோடு அவர் நின்றிருந்தால், திறமையான அலுவலர் ஒருவர் என்ற பெயரே எஞ்சியிருக்கும். கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருப்பதை அவர் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876ஆம் ஆண்டு தோற்றுவித்த அக்கழகத்தில் ஆய்வுக்கூடம் இருந்தது. ஆய்வு செய்வோர்தாம் அரியராய் இருந்தனர். அலுவலகம் செல்வதற்கு முன் விடியற்பொழுதிலும், அலுவல் முடிந்தபின் இரவிலும் இராமன் அங்கு ஆய்வு செய்தார். அக்கழகத்தின் உதவியாளரான அசுதோஷ் தே அவருக்கு உற்ற துணையானார். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் பணிமாற்றம் செய்யப்பட்டபோதும் ஆய்வை அவர் கைவிடவில்லை.

அவ்வாண்டுகளில் அவர் பெரிதும் ஆராய்ந்தது ஒலியையே. அதற்குத் தக்க காரணம் உண்டு. அதிரும் கம்பியையும் தோலையும் ஆராய்வதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. கூர்மையான செவி, பொறுமையான கை, கணிதத்தில் தேர்ந்த மூளை ஆகியவையே போதுமானவை. இம்மூன்றும் அவரிடம் இருந்தன.

1917ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகம் இயற்பியல் பேராசிரியர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தது. அதனை ஏற்றால் ஊதியம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அரசுப்பணியில் மேலும் உயரும் வாய்ப்பும் அற்றுப்போகும். இராமன் தயங்காமல் பேராசிரியர் பதவியை ஏற்றார். பத்தாண்டுகள் இரவில் மட்டும் வாழ்ந்த ஆய்வாளர், அன்று முதல் பகலிலும் வாழத் தொடங்கினார் எனலாம்.

வில்லும் நரம்பும்

வயலினின் கம்பிமீது வில்லை இழுத்தால் இனிய ஒலி பிறக்கிறது. அப்போது கம்பி எவ்வாறு அசைகிறது? வில் கம்பியைப் பற்றிச் சிறிது தூரம் இழுத்துச் செல்கிறது. பின்னர்க் கம்பி வில்லின் பிடியிலிருந்து நழுவி விரைந்து திரும்புகிறது. மீண்டும் வில் அதனைப் பற்றிக்கொள்கிறது. இப்பற்றுதலும் நழுவுதலும் ஒரு நொடியில் பல நூறுமுறை நிகழ்கின்றன. இதனை ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்னரே கண்டிருந்தார். ஆயினும், வில்லை வைக்கும் இடமும் அதன் அழுத்தமும் வேகமும் மாறும்போது கம்பியின் அசைவு எவ்வாறெல்லாம் வேறுபடும் என்பதை முழுமையாக வகைப்படுத்தியவர் இராமனே ஆவார்.

கம்பியின் அசைவைப் பதிவு செய்வதற்கு அவர் கையாண்ட முறை எளிமையானது. குறுகிய பிளவு ஒன்றின் வழியே ஒளியைச் செலுத்தி, அதன் குறுக்கே அதிரும் கம்பியின் நிழலை நகரும் ஒளிப்படத் தகட்டில் விழச் செய்தார். கண்ணுக்குப் புலப்படாத விரைவில் அசைந்த கம்பி, தகட்டில் தெளிவான வளைகோடாகப் பதிந்தது. ஒலி அவ்வாறு எழுத்துருப் பெற்றது.

மனிதக் கையின் அழுத்தம் ஒருமுறைபோல் மறுமுறை இராது. ஆகவே வயலினை இயந்திரமே வாசிக்கும் கருவியொன்றை அவர் அமைத்தார். அதில் வில் ஒரே இடத்தில் நிற்கும். வயலின் முன்னும் பின்னும் சீரான வேகத்தில் நகரும். இக்கருவியின் துணையால் வில்லின் வேகத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ள தொடர்பை அவர் அளந்தறிந்தார். வயலின் குடும்பத்தைச் சார்ந்த இசைக்கருவிகளைப் பற்றி 1918ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பெருங்கட்டுரை உலக அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. செருமனியில் 1927ஆம் ஆண்டு வெளிவந்த இயற்பியல் கலைக்களஞ்சியத் தொகுதியில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதும் வாய்ப்பு அவருக்கே கிடைத்தது.

வீணையும் தம்புராவும் அவருக்கு மற்றொரு வியப்பை அளித்தன. ஒரு கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அவ்விடத்தைக் கணுவாகக் கொண்ட சீரிசை ஒலிக்கக் கூடாது என்பது அதுவரை அறியப்பட்ட விதி. ஆனால் வீணையிலும் தம்புராவிலும் அச்சீரிசையும் தெளிவாக ஒலித்தது. காரணத்தை அவர் குதிரையில் கண்டார். வயலினின் குதிரை கூர்முனை உடையது. வீணையின் குதிரையோ அகன்று, மேற்பரப்பு சற்றே வளைந்து இருக்கும். அதிரும்போது கம்பி அவ்வளைவைத் தொட்டும் விலகியும் உரசிச் செல்கிறது. அவ்வுரசலே அடங்கிய சீரிசைகளை எழுப்பி, ஒலிக்கு நிறைவைத் தருகிறது.

மிருதங்கத்தின் மறைபொருள்

இராமனின் ஒலியாய்வுகளில் தமிழர் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது மிருதங்க ஆய்வாகும். இழுத்துக் கட்டப்பட்ட கம்பியில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து ஒலிக்கும். முழு மடங்குகளாக அமைந்த இவையே சீரிசைகள். இவற்றின் கூட்டைச் செவி இனிமையாக ஏற்கிறது. ஆனால் வட்டமாக இழுத்துக் கட்டப்பட்ட சீரான தோலின் இயல்பு வேறு. அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்னும் விகிதத்தில் அமையும். இவை ஒன்றோடொன்று இயைவதில்லை. ஆகவே மேலைநாட்டு இயற்பியல் நூல்கள் தோற்கருவிகளைத் தாளத்திற்கு உரியனவாகக் கொண்டனவேயன்றிச் சுருதிக்கு உரியனவாகக் கொள்ளவில்லை.

மிருதங்கத்தைக் கேட்டு வளர்ந்த செவி இம்முடிவை எளிதில் ஏற்குமா? பாடகரின் சுருதியோடு மிருதங்கத்தின் வலந்தலை இயைந்து ஒலிப்பது நம் அரங்குகளில் நாளும் காணும் உண்மை. கோட்பாடு ஒன்றைக் கூறச் செவி வேறொன்றைக் கூறுமாயின், இரண்டில் எது தவறு என்று ஆராய்வதே அறிவியல். இராமன் தம் மாணவர் ஒருவருடன் இணைந்து இதனை ஆராய்ந்து, 1920ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். விரிவான விளக்கத்தை 1934ஆம் ஆண்டு எழுதினார்.

அவர் கையாண்ட கருவி நுண்மணல். மிருதங்கத் தோலின்மீது நுண்மணலைத் தூவி, ஒரு விரலால் தோலை மெல்லத் தொட்டுக்கொண்டு மற்றொரு விரலால் தட்டினால், அதிரும் பகுதிகளிலிருந்து மணல் துள்ளி விலகும். அதிராத கோடுகளில் சென்று படியும். அக்கோடுகளே கணுக்கோடுகள். சில கோடுகள் வட்டத்தின் விட்டங்களாகவும், சில உள்வட்டங்களாகவும் அமைந்தன. அவற்றை அவர் ஒளிப்படம் எடுத்தார். செவி பகுத்தறிய முடியாத ஒலிக்கூட்டை மணல் தனித்தனியே பிரித்துக் காட்டியது.

முடிவு வியப்பூட்டுவதாக இருந்தது. மிருதங்கத் தோலின் முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் ஒன்பது வெவ்வேறு ஒலிகளைத் தரவில்லை. அவை 1, 2, 3, 4, 5 என்னும் விகிதத்தில் ஐந்து சீரிசைகளாகத் திரண்டு நின்றன. முதற் சீரிசையையும் இரண்டாம் சீரிசையையும் தனித்தனி அதிர்வு வகையே தருகிறது. மூன்றாவதையும் நான்காவதையும் இவ்விரண்டு வகைகளும், ஐந்தாவதை மூன்று வகைகளும் சேர்ந்து தருகின்றன. இத்திரட்சிக்குக் காரணம் வலந்தலையின் நடுவில் உள்ள கரும்புள்ளியே. கரணை எனப்படும் அப்பூச்சு, நடுவில் தடித்தும் ஓரத்தை நோக்கி மெலிந்தும் அடுக்கடுக்காக இடப்படுவது. அது தோலின் எடைப் பரவலை மாற்றி, இயையாத அதிர்வெண்களை இயையும் இடத்திற்குக் கொண்டுவருகிறது.

இக்கண்டுபிடிப்பின் பெருமை இருவகைப்பட்டது. ஒன்று, அதனை விளக்கிய அறிவியலாளருக்கு உரியது. மற்றொன்று, அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சோற்றையும் கல்லின் கரும்பொடியையும் குழைத்துப் பூசி, தட்டிப் பார்த்து, தேய்த்து, மீண்டும் பூசி, செவியையே அளவுகோலாகக் கொண்டு இவ்வமைப்பை உருவாக்கிய தோல்வினைஞர்களுக்கு உரியது. அவர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆயினும் அவர்களின் கைவண்ணத்தில் ஆழ்ந்த ஒலியறிவு பொதிந்திருப்பதை இராமன் உலகுக்கு எடுத்துரைத்தார்.

தெரியுமா?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், தமிழர் வழங்கிய தோற்கருவிகளின் பெயர்களை நீண்டதொரு வரிசையாகத் தருகிறார். முழவு, தண்ணுமை, பேரிகை முதலியன அவ்வரிசையில் இடம்பெறுகின்றன.

சுவரோடு செல்லும் ஒலி

1921ஆம் ஆண்டு இராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். இலண்டன் நகரின் புனித பவுல் பேராலயக் கவிமாடத்தின் உட்புறத்தில் வட்டமான நடைமாடம் ஒன்று உண்டு. அதன் சுவரருகே ஒருவர் மெல்லப் பேசினால், எதிர்ப்புறத்தில் சுவரருகே நிற்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து செல்வதால் இது நிகழ்கிறது என்று இராலே பெருமகனார் விளக்கியிருந்தார். பயணியாக வந்த இராமன் அங்கும் ஆய்வாளராகவே நின்றார். சுவரிலிருந்து உட்புறம் நகர நகர, ஒலியின் வலிமை ஏறியும் இறங்கியும் மாறுவதை அவர் கண்டறிந்து வெளியிட்டார். தாயகம் திரும்பியபின் பீஜப்பூர் கோல் கும்பஸ் போன்ற கட்டடங்களிலும் இவ்வாய்வைத் தொடர்ந்தார்.

அப்பயணத்தில் திரும்பி வரும்போதுதான் மத்தியதரைக் கடலின் நீலநிறம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. நீர் ஒளியைச் சிதறடிப்பதால் அந்நிறம் தோன்றுகிறது என்று காட்டத் தொடங்கிய ஆய்வு, 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவாக முழுமை பெற்றது. 1930ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. உலகம் அவரை ஒளியின் அறிஞராகக் கொண்டாடியது. அவரோ ஒலியை மறந்துவிடவில்லை.

ஒளியால் ஒலியைக் காணுதல்

1933ஆம் ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை இராமன் ஏற்றார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. மறு ஆண்டு இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவி, இந்திய ஆய்வாளர்களின் கட்டுரைகள் இந்தியாவிலேயே வெளிவர வழிசெய்தார்.

அக்காலத்தில் மீயொலி ஆய்வு உலகெங்கும் வளர்ந்து வந்தது. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே உணரும். அதற்கு மேற்பட்ட அதிர்வெண் உடையது மீயொலி. முதல் உலகப்போரின்போது பிரெஞ்சு அறிஞர் பால் இலாங்கவின், குவார்ட்ஸ் படிகத்திற்கு மின்னழுத்தம் அளித்து நீருக்குள் மீயொலியை எழுப்பி, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய முயன்றார். 1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிபையும் சியர்சும், பிரான்சில் லூக்காவும் பிக்காரும் ஒரு புதுமையைக் கண்டனர். மீயொலி பரவும் நீர்மத்தின் குறுக்கே ஒளிக்கற்றையைச் செலுத்தினால், அது நேரே சென்று ஒரு புள்ளியாக விழுவதோடு, இருமருங்கிலும் பல புள்ளிகளாகப் பிரிந்தும் விழுந்தது. புள்ளிகள் ஏன் இத்தனை? அவற்றின் பொலிவு ஏன் ஒழுங்கின்றி மாறுகிறது? இவ்வினாக்களுக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

இராமனும் நாகேந்திரநாத் என்னும் இளம் ஆய்வாளரும் 1935, 1936ஆம் ஆண்டுகளில் வரிசையாக ஐந்து கட்டுரைகளில் அவ்விடையை அளித்தனர். ஒலியலை செல்லும்போது நீர்மத்தில் நெருக்கங்களும் நெகிழ்வுகளும் மாறிமாறி அமைகின்றன. நெருங்கிய இடத்தில் ஒளி சற்றே மெதுவாகவும், நெகிழ்ந்த இடத்தில் சற்றே விரைவாகவும் செல்லும். சமதளமாக நுழையும் ஒளியலை முகப்பு, வெளிவரும்போது பனையோலை விசிறிபோல் மடிப்பு மடிப்பாக ஆகிவிடுகிறது. அம்மடிப்புகளே ஒளியைப் பல திசைகளில் பிரிக்கின்றன. கண்ணாடியில் நுண்கோடுகள் கீறிச் செய்யப்படும் கீற்றணியின் பணியை, கண்ணுக்குத் தெரியாத ஒலியே நீரில் செய்கிறது.

இக்கோட்பாடு புள்ளிகளின் பொலிவையும் கணித்துக் கூறியது. ஒலி வலுக்கும்போது புள்ளிகளின் எண்ணிக்கை பெருகும். ஒரு நிலையில் நடுப்புள்ளியே மறைந்து, பின்னர் மீண்டும் தோன்றும். ஆய்வகங்களில் கண்டவை இக்கணிப்போடு பொருந்தின. இன்று உலகப் பாடநூல்கள் இதனை இராமன்–நாத் கோட்பாடு என்றே வழங்குகின்றன. இளம் ஆய்வாளரின் பெயரும் தம் பெயரோடு இணைந்தே நிற்கும் வண்ணம் இராமன் அக்கட்டுரைகளை வெளியிட்டார்.

ஓர் எளிய கணக்கால் இதன் பயனை உணரலாம். நொடிக்கு 50 இலட்சம் அதிர்வுகள் உடைய மீயொலி நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது எனில், அதன் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர் ஆகும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை அதன் குறுக்கே செலுத்தினால், 5 மீட்டர் தொலைவில் உள்ள திரையில் புள்ளிகளுக்கிடையே ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். இதனைத் திருப்பிப் போட்டால், திரையில் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்தே நீர்மத்தினுள் ஒலி செல்லும் வேகத்தை அறியலாம். அதிலிருந்து அந்நீர்மம் எவ்வளவு அழுந்தக்கூடியது என்பதையும் கணக்கிடலாம். செவிக்கு எட்டாத ஒலியை ஒளி காட்டிக்கொடுத்தது. அவ்வொலியோ நீர்மத்தின் இயல்பைக் காட்டிக்கொடுத்தது.

சோதனையும் உறுதியும்

இவ்வரிய பணி நிகழ்ந்த ஆண்டுகள் இராமனின் வாழ்வில் அமைதியான ஆண்டுகள் அல்ல. நிறுவனத்தின் நிருவாகம் பற்றி அவருக்கும் ஆட்சிக்குழுவினருக்கும் கருத்து வேறுபாடுகள் முற்றின. ஆய்வுக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. முடிவில், 1937ஆம் ஆண்டு அவர் இயக்குநர் பதவியிலிருந்து விலகினார். அவருடைய கண்டிப்பும் விட்டுக்கொடாத இயல்பும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. பெண்களை ஆய்வு மாணவராகச் சேர்ப்பதில் தொடக்கத்தில் அவர் தயக்கம் காட்டினார் என்பதும் வரலாறு. பின்னாளில் உயிர்வேதியியலில் புகழ்பெற்ற கமலா சொஹோனி, உறுதியோடு போராடியே அந்நிறுவனத்தில் இடம்பெற்றார். பெரியோரின் வாழ்விலிருந்து நாம் கற்பவற்றுள் அவர்தம் குறைகளும் அடங்கும்.

பதவி போயிற்று, பணி போகவில்லை. அதே நிறுவனத்தில் இயற்பியல் பேராசிரியராக 1948ஆம் ஆண்டு வரை அவர் தொடர்ந்தார். பின்னர்த் தாமே உருவாக்கிய இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இறுதிவரை உழைத்தார். அவருடைய மாணவர் பகவந்தம் மீயொலி ஆய்வை வளர்த்து, பின்னாளில் இந்தியப் பாதுகாப்புத்துறையின் அறிவியல் ஆலோசகராக விளங்கினார். 1954ஆம் ஆண்டு இராமனுக்குப் பாரத இரத்தினா விருது வழங்கப்பட்டது. 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் மறைந்தார். நினைவுச்சின்னம் ஏதும் வேண்டாம், ஒரு மரம் போதும் என்ற அவர் விருப்பத்திற்கிணங்க, எரியூட்டிய இடத்தில் மரம் ஒன்றே நடப்பட்டது.

சென்னையின் தென்புறத்தில்

ஸ்கேன் கருவியையோ கடலடி ஒலிக்கருவியையோ இராமன் படைக்கவில்லை. அவற்றின் வரலாற்றில் பல நாட்டு அறிஞர்களுக்குப் பங்குண்டு. இராமன்–நாத் கோட்பாட்டின் நேரடி வழித்தோன்றல்கள், ஒலியால் ஒளியை ஆளும் கருவிகளே. லேசர் ஒளியைத் திசை திருப்பவும், இமைப்பொழுதினும் விரைவாக நிறுத்தி விடவும், ரேடார் பெறும் குறிகளில் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்துள்ளன என்று பிரித்தறியவும் அக்கருவிகள் பயன்படுகின்றன. எனினும், ஒலியைக் கூறுகளாகப் பகுத்து அதிலிருந்து பொருளின் இயல்பை அறியலாம் என்னும் அவருடைய அணுகுமுறை, இன்று நம்மைச் சுற்றி நாளும் செயற்படுவதைக் காணலாம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என எங்கும் காணப்படும் ஸ்கேன் மையங்களில், கருவியின் முனை சில மைக்ரோ நொடிகள் மட்டும் நீடிக்கும் மீயொலித் துடிப்பை உடலுக்குள் செலுத்துகிறது. உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்லும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள உறுப்பிலிருந்து எதிரொலி திரும்பிவர ஏறத்தாழ 13 மைக்ரோ நொடிகள் ஆகும். ஒவ்வோர் எதிரொலியும் வந்த காலத்தைக் கொண்டு ஆழத்தையும், வலிமையைக் கொண்டு பொலிவையும் கணினி குறிக்கிறது. பல திசைகளிலிருந்து வரும் எதிரொலிகளைச் சேர்த்து அது உருவம் வரைகிறது. அதே மையங்களின் சுவரில், கருவின் பாலினத்தை அறிவிப்பது சட்டப்படி குற்றம் என்னும் அறிவிப்பும் தொங்குகிறது. உயிரைக் காக்க வந்த கருவி பெண்சிசுவை அழிக்கத் துணையாகிவிடக் கூடாது என்பதற்காக 1994ஆம் ஆண்டு அச்சட்டம் இயற்றப்பட்டது. அறிவியல் கண்ணைத் தருகிறது. அக்கண்ணால் எதைக் காண்பது, எதைக் காணாதிருப்பது என்பதை அறமே வகுக்க வேண்டும்.

பள்ளிக்கரணையில் அமைந்துள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நீரின் ஆழத்தில் ஒளி விரைவில் மங்கிவிடும். வானொலி அலைகளும் நெடுந்தொலைவு செல்லா. ஒலி ஒன்றே நெடுந்தூரம் செல்ல வல்லது. 1500 மீட்டர் ஆழமுள்ள கடலில் செலுத்திய ஒலி, அடித்தரையைத் தொட்டு இரண்டு நொடிகளில் திரும்பிவிடும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரைகளைச் சூறையாடியதை நாம் அறிவோம். அதன்பின் வங்கக்கடலில் நிறுவப்பட்ட எச்சரிக்கை அமைப்பில், கடலடியில் உள்ள கருவி நீரின் அழுத்த மாற்றத்தை அளந்து, அச்செய்தியை ஒலிக்குறிகளாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்புகிறது. மிதவை அதனைச் செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சேர்க்கிறது.

கடலோ அமைதியானதன்று. அலை, மழை, கப்பல், இறால் ஆகிய அனைத்தும் அங்கு ஒலி எழுப்புகின்றன. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலிலும் தாயின் குரலைக் குழந்தை அறிந்துகொள்வது போல, அனுப்பிய குறியின் வடிவத்தை நினைவில் வைத்து, வந்த இரைச்சலோடு அதனை ஒப்பிட்டு, ஒத்த பகுதியைக் கணினி தேடி எடுக்கிறது. இதுவே குறிகைச் செயலாக்கம் எனப்படும். மிருதங்கத்தின்மீது மணலைத் தூவி, கலந்த ஒலியைக் கூறுகூறாகப் பிரித்த இராமனின் முயற்சியும் இதே நோக்கம் உடையதே. அன்று மணல் செய்ததை இன்று கணிதமும் கணினியும் செய்கின்றன.

நிறைவாக

பயன் கருதி இராமன் ஒலியை ஆராயவில்லை. தன் செவி கேட்டதற்கும் நூல் கூறியதற்கும் இடையே வேறுபாடு கண்டபோது, செவியை ஐயுறுவதற்கு முன் நூலை ஐயுறத் துணிந்தார். துணிந்ததோடு நில்லாமல், அளந்து மெய்ப்பித்தார். ஆடம்பரக் கருவிகள் இல்லை என்று அவர் காத்திருக்கவில்லை. மணலும் ஒளிக்கீற்றும் நீர்த்தொட்டியும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. நம் வீட்டருகே ஒலிக்கும் பறையும் நாகசுரமும், தண்டவாளத்தில் தொலைவிலிருந்து வரும் மின்தொடர்வண்டியின் அதிர்வும் இன்றும் விளக்கத்திற்காகக் காத்திருக்கும் வினாக்களே. அவற்றைக் கேட்டுக் கடந்து செல்லாமல், நின்று ஆராயும் இளையோரே இராமனின் மெய்யான மரபினர் ஆவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மிருதங்கம், தவில், பறை முதலிய தோற்கருவிகளைச் செய்வோரைச் சந்தித்து, சுருதி சேர்க்கும் முறையைக் கேட்டறிந்து குறிப்பெழுதுக.
2. அகன்ற தாம்பாளத்தின்மீது மெல்லிய தாளை இறுகக் கட்டி நுண்மணல் தூவி, அருகில் ஒலி எழுப்பினால் மணல் எவ்வாறு அமைகிறது என்று உற்றுநோக்கி வகுப்பறையில் எடுத்துரைக்க.

கலைச்சொல் அறிவோம்

மீயொலி – செவியால் உணரவியலாத உயர் அதிர்வெண் ஒலி
சீரிசை – அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்காக அமையும் ஒலி
கணு – அதிர்வின்போது அசையாது நிற்கும் இடம்
கீற்றணி – ஒளியைப் பல திசைகளில் பிரிக்கும் நெருங்கிய கோடுகளின் வரிசை
குறிகைச் செயலாக்கம் – இரைச்சலிலிருந்து வேண்டிய செய்தியைப் பிரித்தெடுக்கும் முறை

வினாக்கள்

குறுவினா
1. வீணையின் குதிரைக்கும் வயலினின் குதிரைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஆழ்கடலை அறிய ஒலி ஏன் பயன்படுத்தப்படுகிறது?

சிறுவினா
1. மிருதங்கத்தின் கரணை ஒலிக்கு இனிமை சேர்க்கும் முறையை விளக்குக.
2. இராமன்–நாத் கோட்பாட்டைப் பனையோலை விசிறி உவமையின் துணையோடு எழுதுக.

நெடுவினா
1. எளிய கருவிகளும் தளராத உழைப்புமே அறிவியலுக்கு அடிப்படை என்பதை இராமனின் ஒலியாய்வுகள் வழி நிறுவுக.